கவாத்து மண்டபத்தைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள கயல்,

இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் நாம் இருவரும் நாடகம் பார்த்த கட்டடத்துக்கு ஏன் 'டிரில் ஹால்' என்று பெயர் வந்தது என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாய். அப்போது அரைகுறையாகத்தான் சொன்னேன். 'டிரில்' என்றால் படைவீரர்களின் அணிவகுப்புப் பயிற்சி; அதற்கு நம் பழைய தமிழில் கவாத்து என்று பெயர். நீலகிரியில் தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கும் அதே சொல்தான் என்பது வேறு கதை.

பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் கடல் தாண்டிப் படையெடுத்து வந்துவிடுவான் என்ற பீதி பிரிட்டனை ஆட்டிய காலத்தில், 1859 மே 12 அன்று, ஊர்தோறும் தன்னார்வப் படைகளைத் திரட்டலாம் என்று போர்த்துறை சுற்றறிக்கை அனுப்பியது. தொடக்கத்தில் சீருடையும் துப்பாக்கியும் அவரவர் செலவு. பகலெல்லாம் கடையிலும் பட்டறையிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்கள் மாலையில்தான் பயிற்சிக்கு வர முடியும். ஆங்கிலேய நாட்டுக் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகை அறைகளிலும் தானியச் சந்தைக் கூடங்களிலும் ஒதுங்கிப் பயின்ற இந்தப் படைகளுக்கு, கூரையுள்ள சொந்த இடம் தேவைப்பட்டது அதனால்தான். நடுவில் தூண் நின்றால் அணி திரும்ப முடியாது. எனவே இத்தகைய மண்டபங்களை அகலமாக, வெறுமையாகக் கட்டினார்கள். லிங்கனில் அந்தச் செலவை ஏற்றவர் ஜோசப் ரஸ்டன். நீராவி எஞ்சினும் கதிரடிக்கும் இயந்திரமும் செய்து செல்வரானவர். பிராட்கேட் சாலையில் மண்டபம் 1890-இல் திறக்கப்பட்டது.

அன்று நாடகம் முடிந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியதும், தேசிய மாணவர் படையில் 'சாவ்தான்' (நேராக நில்) என்ற கட்டளையைக் கேட்டுப் பழகிய என் கால்கள் தாமாகவே ஒட்டி நின்றதைப் பார்த்து நீ சிரித்தாய்.

1908-இல் தன்னார்வப் படைகள் பிராந்தியப் படையாக மாற்றப்பட்டபோது, இம்மண்டபம் லிங்கன்ஷயர் ரெஜிமென்ட்டின் 4ஆம் பட்டாலியனுக்குத் தலைமையிடமாயிற்று. உள்நாட்டைக் காப்பதற்கென்றே சேர்ந்தவர்கள் அவர்கள். சம்மதிக்காதவர்களைக் கடல் தாண்டி அனுப்ப முடியாது. இருந்தும் 1914 ஆகஸ்டில் இங்கே அணிதிரண்டு, மறு ஆண்டு பிரான்சுக்குப் போனார்கள். 1915 அக்டோபர் 13 அன்று அங்கே ஹோஹென்சோலெர்ன் என்ற ஜெர்மானிய அரண்மீது நடந்த தாக்குதலில் அவர்களுடைய 46ஆம் டிவிஷன், இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர் என 3,700-க்கும் மேற்பட்டோரை இழந்தது. பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே. இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிராக நடந்து போவதற்கு எந்த மண்டபத்திலும் பயிற்சி கிடையாது. அந்தத் துப்பாக்கிகளை எதிர்கொள்வதற்கான டாங்கியின் முதல் மாதிரி, அதற்கு முந்தைய மாதம்தான் அதே லிங்கனில் ஒரு தொழிற்சாலையில் உருவாகியிருந்தது என்பதைப் படித்த நாளில் எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

செவிலியான உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது போருக்கு முந்தைய செய்தி. 1904 இறுதியில் தொடங்கி 1905-இலும் தொடர்ந்து, கெட்டுப்போன குடிநீரால் லிங்கனில் டைபாய்டு பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவமனைகளில் இடம் போதாமல், கவாத்து மண்டபத்தைத் தற்காலிக மருத்துவமனை ஆக்கினார்கள். தூண் இல்லாத அகலம் கட்டில் வரிசைகளுக்கும் பொருந்திவிட்டது. 1905-இல்தான் கிருமியியல் வல்லுநர் அலெக்சாண்டர் ஹூஸ்டன் அந்நகரத்துக் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கும் முறையைக் கொண்டுவந்தார். உன் வார்டில் நீ குழாயைத் திறக்கும்போது வரும் அந்த மணத்துக்கு அவ்வூரிலேயே அத்தனை வயது.

பிற்காலத்தில் படை குறைந்தது, ஆட்டமும் கச்சேரியும் வந்தன. 2004 முதல் அது கலையரங்கம். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் முகப்பைப் படம் எடுத்து அனுப்பு. நான் எடுத்ததில் பாதியை என் விரல் மறைத்துவிட்டது.

அன்புடன்,
அப்பா