ஏழாவது வரிசையைத் திருத்து

அன்புள்ள சேகர்,

நீங்கள் விடப்போகும் விமானத்துக்கான உன் செலவுத் தாள் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ திட்ட ஆரம்பிக்கும் முன் விஷயத்துக்கு வருகிறேன்: ஏழாவது வரிசையில் எரிபொருளுக்கு 29 சதவீத வாட் (மாநிலம் போடும் விற்பனை வரி) என்று போட்டிருப்பது தப்பு. திருத்தாமல் ராஜு அண்ணனிடம் காட்டாதே.

சென்னையில் விமான எரிபொருளுக்குப் பொதுவாக வாட் 29 சதவீதம், சரிதான். ஆனால் நீங்கள் ஓட்டப்போவது ஏடிஆர் 72 என்ற சின்ன விமானம். உச்ச எடையே 23 டன்தான். 40 டன்னுக்குக் குறைந்த விமானத்துக்கு விற்கும் எரிபொருளுக்கு மாநிலம் 5 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது, மத்திய விற்பனை வரிச் சட்டம் 14, 15ஆம் பிரிவுகள். கிலோலிட்டர் 65,000 என்று வைத்திருக்கிறாய். மத்திய அரசின் 11 சதவீதக் கலால் வரி சேர்ந்தால் 72,150. கலாலும் சேர்ந்த அந்தத் தொகை மேல்தான் வாட். 29 என்றால் 20,900 சொச்சம். 5 என்றால் 3,600 சொச்சம். கிலோலிட்டருக்கு 17,000 ரூபாயைச் சும்மா ஏற்றி வைத்திருக்கிறாயே!

ஒன்று கவனி. இந்தச் சலுகை அட்டவணைப்படி பறக்கும் நிறுவனத்துக்கு மட்டும். அதே விமானத்தைத் தனி வாடகைக்கு விடுகிறவருக்குக் கிடையாது. சேலம் தடத்தை உடானில், அதாவது சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசுத் திட்டத்தில், காட்டியிருக்கிறாய். அதற்கான 2 சதவீதக் கலாலும் 1 சதவீத வாட்டும் சேலத்தில் ஏற்றும் எண்ணெய்க்குத்தான். சென்னையில் நிரப்பிக்கொண்டு போனால் இல்லை.

லாரிக்காரர்களோடு ஒப்பிட்டிருந்தாய். டீசலுக்கு இங்கே 11 சதவீதத்தோடு லிட்டருக்கு 9.62 ரூபாய், பெட்ரோலுக்கு 13 சதவீதத்தோடு 11.52. கச்சா எண்ணெய் விழுந்தாலும் அந்த ரூபாய்ப் பகுதி அசையாது. விமான எரிபொருளுக்கு வெறும் சதவீதம்; விலை ஏறினால் வரியும் கூடவே ஏறும்.

எனக்கு நிஜமாகவே வயிறு எரிவது இதற்குத்தான்: டெல்லிக்குப் போகும் ஏர்பஸ் 29 கட்டுகிறது, பக்கத்தில் நின்று கொழும்புக்குக் கிளம்பும் விமானத்துக்கு வாட்டே இல்லை. விமான எரிபொருளை 2017இல் ஜிஎஸ்டிக்கு வெளியே நிறுத்தியது, உள்ளே கொண்டுவர 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்திலும் மாநிலங்கள் சம்மதிக்கவில்லை. வெளியே இருப்பதால் கட்டிய வாட்டை டிக்கெட்டில் வாங்கும் ஜிஎஸ்டியில் கழிக்க வழியில்லை. மொத்தமும் பயணி தலையில்.

மகாராஷ்டிரா 2023இல் மும்பை, புனேயில் இந்த வாட்டை 25 சதவீதத்திலிருந்து 18 ஆக்கியது. வரி குறைந்த ஊரில் கூடுதலாக நிரப்பிக்கொண்டு வரலாம் என்று எழுதியிருக்கிறாய். சுமந்து வரும் எண்ணெயில் மணிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் அதைச் சுமக்கவே எரிந்துபோகும். இறங்கும்போது எடை வரம்பும் இடிக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு எழுது.

திருத்திய தாளை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. லதாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி