திட்டு மக்களுக்கு ஒரு பயணிகள் படகும் இரண்டு இறங்குதுறைகளும் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
திட்டு மக்கள் சார்பாக,
கொட்டியாரக் குடாவை அண்டிய களப்புப் பகுதி, மூதூர்.

பெறுநர்:
மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், திருகோணமலை.

ஐயா,

எங்கள் ஊரைக் கரையில் இருப்பவர்கள் தீவு என்பார்கள். எங்களுக்கு அது திட்டு. மகாவலி கடலில் கலக்கும் பக்கத்தில், களப்பு நடுவே, கண்டல் மரங்கள் சூழ்ந்த மணல்மேடு. தரம் 5 வரை ஒரு பள்ளிக்கூடம், ஒரு பிள்ளையார் கோயில், இரண்டு சின்னக் கடை. எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள் என்ற விவரத்தைக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு இணைத்திருக்கிறேன். காற்றில்லாத நாளில் கரைக்குப் போகப் பதினைந்து நிமிடம் போதும். வாடை எழும்பிவிட்டால் ஒரு மணித்தியாலமும் ஆகும், போகவே முடியாத நாளும் உண்டு. இந்தத் தண்ணீரை நாளாந்தம் பயமில்லாமல் கடக்க எங்களுக்கு ஒரு பயணிகள் படகும், இரு கரையிலும் ஒவ்வொரு இறங்குதுறையும் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மனு.

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். தரம் 6 தொடங்கினால் கரைப் பள்ளிக்கூடம்தான். அவர்களை ஏற்றிப்போவது தகப்பன்மார் தொழிலுக்குப் போகும் ஃபைபர் படகு. பிடிக்கக் கம்பி இல்லை, இருக்கப் பலகை இல்லை, உயிர்காப்பு அங்கி இல்லை. வலையின் மேலேயே புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். அலை அடித்தால் வெள்ளைச் சீருடை நெஞ்சு வரைக்கும் நனையும், அந்த ஈரத்தோடுதான் முதல் இரண்டு பாடமும். தகப்பன் இரவே வலைக்குப் போய்த் திரும்பவில்லையென்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இறங்குகிற இடத்தில் சேறு முழங்கால் வரை இருக்கும். பெரிய பிள்ளையாகிவிட்ட ஒரு பெட்டை சீருடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆண்கள் நிற்கிற கரையில் ஏறுவதற்குக் கூசுவாள். அதனால்தான் எங்களில் பெண்பிள்ளைகள் முந்தியே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுகிறார்கள். படிப்பு ஓடவில்லை என்று அவர்களைப் பிறர் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். சாதாரண தரப் பரீட்சை வரை போன பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள், பரீட்சைக் காலத்தில் கரையிலே சொந்தக்காரர் வீட்டில் தங்க வசதி கிடைத்தவர்கள் அவர்கள்.

2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை, அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைப் படகு, கவிழ்ந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது எங்கள் பிள்ளைகளும் தண்ணீருக்கு மேலேதான் இருந்தார்கள். பாலம் கட்டிக்கொண்டிருந்த இடம் அது, இடைக்காலத்துக்கு ஓடிய பாதை. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அதில் இறந்துபோனார்கள். நாங்கள் எல்லாரும் கரையைப் பார்த்தபடி மணலில் நின்றோம், எங்கள் பிள்ளைகள் பத்திரமாகக் கரையேறிவிட்டார்கள் என்று தகவல் வரும்வரை யாரும் அசையவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் சில தாய்மார் பிள்ளைகளை அனுப்பவேயில்லை. பிறகு அனுப்பினார்கள், அதே படகில். வேறு படகு எங்கே இருக்கிறது?

என் இரண்டாவது மகள் தோணியில் பிறந்தவள். கார்த்திகை மாதம், இரவு, காற்று எதிரே. எஞ்சின் நடுவழியில் நின்றுவிட்டது. என் மச்சாள் டோர்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு பிள்ளையைப் பிடித்தாள். கரையில் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்து காத்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள், ஆனால் அம்புலன்ஸ் தண்ணீரில் ஓடாதே. பிறப்பைப் பதியப் போன இடத்தில் பிறந்த இடம் எது என்று கேட்டார்கள். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் கரையின் பெயரைச் சொன்னோம். மகளும் பிழைத்தாள், நானும் பிழைத்தேன். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது ஐயா.

டீச்சர்மாரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களும் எங்கள் படகையே நம்பி வருகிறார்கள். கலக்கமான நாளில் வரமாட்டார்கள், வராதது பிழையும் இல்லை. நீந்தத் தெரியாத ஓர் இளம் டீச்சர் முதல் நாள் வந்து இறங்கும்போது கை நடுங்கியதை நான் பார்த்தேன். அவர் ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். நல்லாகச் சொல்லித்தந்தவர்.

இனி பிழைப்பு. களப்பு எங்களுக்கு நண்டும் இறாலும் தருகிறது. கடலில் மீன் படாத காலத்திலும் நண்டு வலை ஒரு வீட்டைக் காப்பாற்றும். ஆனால் நண்டுக்கு விலை உயிர் இருக்கும்வரைதான். வியாபாரியின் லொறி காலையில் கரைக்கு வந்து போய்விடும். பிந்தினால் செத்த நண்டு, பாதி விலை. அதிலும் ஐஸ் போட்ட பெட்டி இருந்தால் கொஞ்சம் தாங்கும், ஐஸும் கரையிலிருந்துதான் வரவேண்டும். ஆளாளுக்கு ஒரு படகு, ஆளாளுக்கு ஒரு எஞ்சின் என்று தனித்தனியே ஓடினால் எரிபொருளே லாபத்தைத் தின்றுவிடும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது இங்கே பாதிப் பேர் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுக் கோல் ஊன்றினார்கள். விடியற்காலை நேரத்துக்கு ஓடும் ஒரு பொதுப் படகு இருந்தால் நண்டுப் பெட்டிகளும் பிள்ளைகளும் ஒரே ஓட்டத்தில் கரைக்குப் போய்ச் சேரும், திரும்பும்போது ஐஸும் டீச்சரும் வந்துவிடுவார்கள். எங்கள் பெண்கள் போடும் கருவாட்டைத் திருகோணமலைச் சந்தைக்கு நாங்களே கொண்டுபோகலாம். இப்போது வியாபாரி சொன்னதுதான் விலை.

குடிநீர் பற்றித் தனியாக எழுதியிருக்கிறோம். கிணறு உவர், பங்குனி முதல் புரட்டாதி வரை கரையிலிருந்து கான்களில் தண்ணீர் கொண்டுவருகிறோம். அதுவும் இதே படகில்தான் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

டித்வா புயலுக்குப் பிறகு, 2025 நவம்பர் கடைசியில் மகாவலி பெருகி எங்கள் பகுதியெல்லாம் வெள்ளம் போட்டபோது, கரைக்கே வந்துவிடுங்கள், காணி பார்த்துத் தருகிறோம் என்று எங்களிடம் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். அதை நாங்கள் கூட்டம் வைத்துப் பேசினோம். வரமாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை, போக விரும்பும் குடும்பம் போகட்டும். ஆனால் பெரும்பாலானோர் இருக்கவே விரும்புகிறோம். 2006 ஓகஸ்டில் சண்டை மூண்டபோது இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தவர்கள் நாங்கள். வலைக்கு எட்டாத இடத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பம் எப்படி வாழும் என்பதை அங்கே பார்த்துவிட்டோம். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் ஏறியபோது கண்டல் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பியவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள், அந்த மரங்களை வெட்டவிடாமல் பார்த்துக்கொள்பவர்களும் அவர்களே. ஊர் ஆபத்தானது என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வெள்ளம் எப்போதாவது வரும். எங்களை வருத்துவது நாளாந்தம் தாண்டுகிற இந்தக் களப்பு.

பாலம் கேட்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டபோதும், மட்டக்களப்பில் மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டபோதும் அந்த ஊர்களுக்கு என்ன விடிவு வந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்களைப் போன்ற சின்ன ஊருக்குப் பாலம் என்றால் கோப்பு பத்து வருடம் நகரும். இப்போது தரம் 6 இல் இருக்கும் பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடும். படகு அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் நெடுந்தீவுக்குக் குமுதினி, வடதாரகை என்ற பயணிகள் படகுகள் ஓடுகின்றன, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பாதை ஓடுகிறது. தண்ணீரும் வீதிதான் என்று அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. எங்களுக்கும் அதே கண்ணோடு பார்க்கும்படி கேட்கிறோம்.

படகு எப்படி இருக்கவேண்டும் என்று தொழிலாளர்களோடு பேசியே எழுதுகிறேன். களப்பு ஆழம் குறைந்தது, ஆதலால் அடி தட்டையாக இருக்கவேண்டும். கூரையும் பக்கக் கம்பியும் வேண்டும். உயிர்காப்பு அங்கிகளில் சின்னப் பிள்ளைகளின் அளவும் இருக்கவேண்டும், பெரியவர்களின் அங்கி பிள்ளையின் தலைக்கு மேலே கழன்றுவிடும். எங்கள் இளைஞர் இருவருக்குப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் மாதச் சம்பளமும் கொடுத்தால் போதும், வெளியிலிருந்து ஆள் தேவையில்லை. வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போன பிள்ளைகளில் இருவராவது ஊரில் நிற்பார்கள். காலை ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும், பின்னேரம் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் கட்டாயம் ஓடவேண்டும், இரவில் நோயாளிக்காகக் கூப்பிட்டால் வரவேண்டும். இறங்குதுறைக்குக் கண்டலை வெட்டத் தேவையில்லை. இரு கரையிலும் வெளியான இடம் இருக்கிறது, வரைபடத்தில் குறித்திருக்கிறோம். கொங்கிறீற்றில் நாலு படி, ஒரு சூரிய மின்விளக்கு. பராமரிப்புக்கு ஒவ்வொரு குடும்பமும் மாதாந்தம் ஒரு தொகை தர எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஐயா, முடிவெடுக்கும் முன் ஒரு பள்ளிக்கூட நாளில், மாரிக் காலத்தில், காலை ஆறேகாலுக்குத் திட்டிலிருந்து பிள்ளைகளோடு ஒருமுறை கரைக்கு வரும்படி தங்களைப் பணிவாக அழைக்கிறோம். முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் தங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்.

இணைப்பு: குடும்ப விவரம், கையெழுத்துகள், இறங்குதுறை வரைபடம்.
பிரதி: பிரதேச செயலாளர், வலயக் கல்விப் பணிப்பாளர்.