கேசட்டின் கடைசி ரெண்டு நிமிஷம்: சேலத்து மெல்லிசைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்து மெல்லிசைக் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

செவ்வாப்பேட்டையில் பதினேழு வருஷம் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன் நான். உங்களில் மூத்தவர்கள் சிலர் என் கடையில் பாட்டு எடுத்துப்போய்த்தான் ஒத்திகை பார்த்தீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன ஆடியில் ஒரு கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்து துண்டுச்சீட்டில் 'உல்லாச உலகம் உனக்கே சொந்தம்' என்று எழுதி மேடைக்கு அனுப்பினேன். கீபோர்டு தம்பி இறங்கியே வந்துவிட்டார். "டிராக் இல்லீங்களேண்ணா. அதே படத்துல 'மாசிலா உண்மைக் காதலே' இருக்குது, பாடட்டுங்களா?" என்றார். டிராக் என்றால் பாடும்போது பின்னால் ஓடவிடுகிற வாத்தியப் பதிவு. பாடினார்கள். பல்லவி, ஒரு சரணம், அடுத்த பாட்டு.

அந்தப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், நம்மூர்ப் படக் கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. இசை எஸ். தட்சிணாமூர்த்தி. ஏ.எம். ராஜாவும் பானுமதியும் பாடிய 'மாசிலா' தெரியாதவர் இல்லை. கண்டசாலா பாடிய என் பாட்டுக்குத்தான் டிராக் இல்லை. இந்த வருஷம் இரண்டுக்குமே எழுபது.

என் கடைக் கதை ஒன்று சொல்லவேண்டும். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு ஏறும். வாடிக்கையாளர் கொடுத்த லிஸ்ட் முடிந்தபின் ரெண்டு மூணு நிமிஷம் நாடா மிச்சமிருக்கும். காலியாக விட்டால் "முழுக் கேசட்டுக்குத்தானே காசு வாங்கினீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் லிஸ்ட்டில் இல்லாத ஏதாவது ஒன்றைப் போட்டு விடுவேன். எம்.ஜி.ஆர். பாட்டாகக் கேட்டு வாங்கிய கொலுசுப் பட்டறைக்காரர் ஒருத்தர் ஒரு வாரம் கழித்து வந்தார். "ஏ பக்கம் கடைசியில ஒரு பாட்டு சரணத்துல அறுந்து நிக்குதே, அது எந்தப் படம்? பட்டறையில பசங்க அந்த இடம் வந்ததும் கையை நிறுத்திடுறாங்க" என்றார். அது 'உல்லாச உலகம்'. அந்தப் படத்துப் பாட்டு முழுவதையும் அப்புறம் எடுத்துக்கொண்டு போனார். லிஸ்ட் எழுதிக் கேட்டிருந்தால் அவர் ஆயுசுக்கும் அதைக் கேட்டிருக்க மாட்டார். தெரியாத பாட்டை ஜனங்கள் எப்படிக் கேட்பார்கள்? போடுகிறவன்தான் போடவேண்டும். அன்றைக்கு அந்த இடத்தில் நான் இருந்தேன், இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

இந்த வருஷம் 'அன்னக்கிளி'க்கு ஐம்பது. ஊரெல்லாம் 'மச்சானைப் பார்த்தீங்களா' கேட்கும், கேட்கட்டும். ஆனால் இளையராஜாவின் அந்த முதல் படத்திலேயே டி.எம்.எஸ். பாடியிருக்கிறார், சுசீலா 'சொந்தமில்லை பந்தமில்லை' பாடியிருக்கிறார். ஆண்டுவிழா என்றால் அவையும் சேர்ந்துதானே? 1986இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்'டுக்கும் நாற்பது. சினிமாப் பாட்டே இல்லாத கேசட்டை யார் வாங்குவார்கள் என்று ரெண்டே ரெண்டு வரவழைத்தேன். ஒன்று இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

அதைவிட, நம்மூர்க் கணக்கைப் பாருங்கள். 1966இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தந்த 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' இரண்டுக்கும் அறுபது. எல்.ஆர். ஈஸ்வரியின் 'பளிங்கினால் ஒரு மாளிகை' ஒன்று போதாதா, ஒரு ராத்திரியைத் தூக்கி நிறுத்த? இரண்டுக்கும் இசை வேதா. அவர் இந்தி மெட்டை எடுத்தாண்டவர் என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. உண்மைதான். 'ஓராயிரம் பார்வையிலே' 1963இல் ரவி இசையமைத்த இந்திப் பாட்டின் மெட்டு. ஆனால் ரஃபி பாடியதையும் டி.எம்.எஸ். பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு ஒன்று, ஏக்கம் வேறு. அந்தப் பாட்டு வந்த 'வல்லவனுக்கு வல்லவன்' போன வருஷம் அறுபதைத் தொட்டது. நான் போன கச்சேரி எதிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் அந்தப் பழைய வாசல் வளைவைத் தாண்டித்தான் மலைக்குக் கச்சேரிக்குப் போகிறீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். வருஷத்தில் ஒரே ஒரு கச்சேரியில், ஒரே ஒரு படத்தின் பாட்டு அத்தனையும், படத்தில் வரும் வரிசையில், இரண்டாம் சரணத்தை வெட்டாமல். பாடுமுன் இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் பெயரைச் சொல்லுங்கள். நடிகர் பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜனங்களே கத்துவார்கள். டிராக் இல்லை என்றால் பாங்கோஸும் அக்கார்டியனும் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

கடையை மூடியபோது இசைத்தட்டுகளை விற்கவில்லை, பரணில் ஏற்றிவைத்தேன். வந்து கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று மட்டும்: 'உல்லாச உலகம்' தட்டில் ஓரிடத்தில் முள் தாண்டும். அதை அப்படியே பாடம் பண்ணிவிடாதீர்கள். விட்டுப்போகிற வரியை நான் பாடிக் காட்டுகிறேன், குரலைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரன்,
செவ்வாப்பேட்டை, சேலம்