விலையை முதலில் சொல்லுங்கள்: லண்டனின் தனியார் பகல்நேரப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் பள்ளிகளை நடத்துபவர்கள் நீங்கள். நான் வடமேற்கு லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் கற்பிப்பவர்களில் ஒருத்தி. என் வகுப்பில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். அந்த வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இந்த நகரத்தில், பதினொரு வயதில் எந்தப் பள்ளி என்ற பேச்சுதான் நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹாரோ வட்டாரத்தில் அரசு கிராமர் பள்ளி, அதாவது தேர்வு வைத்துச் சேர்த்துக் கட்டணமின்றிக் கற்பிக்கும் பள்ளி, ஒன்றுகூட இல்லை. பக்கத்துப் பார்னெட்டில் இருப்பவை மூன்று. அவற்றின் வாசலில் எவ்வளவு பெரிய கூட்டம் நிற்கிறது என்பதும் தெரிந்த கதை. அதனால்தான் பேருந்து ஓட்டுகிறவரும் கடையில் கல்லாவில் நிற்கிறவரும்கூட உங்கள் கதவைத் தட்டலாமா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

இலையுதிர் காலத்தில் நீங்கள் பள்ளியைத் திறந்து காட்டும் நாட்களுக்கு அவர்களோடு நானும் போயிருக்கிறேன். பிளேசர் அணிந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எங்களை அழைத்துச் செல்வாள். வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியர் மக்னீசிய நாடாவைக் கொளுத்துவார். கண் கூசும் வெளிச்சத்தில் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். படியேறும்போது ஒரு தகப்பனார் அந்தச் சிறுமியிடம் தடுமாறிய ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவள் நின்று, அவர் கேள்வியை முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவரைப் பார்த்தே பதில் சொன்னாள். உங்கள் பள்ளி எதைக் கொடுக்கிறது என்பதை அந்த ஒரு நிமிடத்தில் நான் கண்டேன். கையேட்டின் பளபளத்த பக்கங்களில் அது இல்லை.

நீங்கள் தருவதாகச் சொல்பவை பொய்யல்ல. வகுப்புகள் சிறியவை. இயற்பியலை இயற்பியல் படித்தவரே கற்பிக்கிறார். அரசுப் பள்ளிகள் பல அப்படி ஒருவர் கிடைக்காமல் தவிக்கின்றன. லத்தீன் உண்டு, இசைக்குழு உண்டு, விளையாட்டுத் திடல் உண்டு, பல்கலைக்கழக விண்ணப்பத்தை வரிக்கு வரி பார்த்துத் திருத்த ஆள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போனவர்களின் பட்டியலை மட்டும் நீங்கள் அவ்வளவு பெரிதாக ஒட்டிவைக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். பதினொரு வயதில் வடிகட்டி எடுத்த பிள்ளைகள் பதினெட்டு வயதில் நன்றாகத் தேறுவதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

என் முறையீடு பணத்தைப் பற்றியது. தலைமையாசிரியரின் உரை அரை மணி நேரம் நீளும். பணம் அதன் கடைசி வாக்கியத்தில் வரும். கட்டண விவரம் இணையதளத்தில் உள்ளது, கட்டண உதவியும் உண்டு, நன்றி, கீழே தேநீர் இருக்கிறது. அவ்வளவுதான். 2025 ஜனவரி 1 முதல் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு) வரி சேர்ந்தபின் லண்டனில் பல பகல்நேரப் பள்ளிகளின் கட்டணம் ஆண்டுக்கு 25,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. பதினொரு வயதிலிருந்து பதினெட்டுவரை ஏழு ஆண்டுகள். கட்டணம் ஒரு பவுண்டுகூட ஏறாது என்று வைத்தாலும் 1,75,000 பவுண்டு. அதற்கு மேல் சீருடை, பள்ளிப் பேருந்து, இசை வகுப்பு, சுற்றுலா. விலக நினைத்தால் ஒரு பருவம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பருவத்தின் கட்டணத்தையும் கட்ட வேண்டும். இவற்றை ஒரே தாளில், ஒரே கூட்டுத்தொகையாக எழுதிக் கொடுத்த பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் பெற்றோரில் பலர் இலங்கையில் படித்தவர்கள். 1945 முதல் இலவசக் கல்வி வேரூன்றிய நாடு அது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தால் பெரிய பள்ளியின் கதவு திறக்கும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணமும் வரும். அந்த நினைப்போடுதான் அவர்கள் இங்கே வருகிறார்கள். பிள்ளை கெட்டிக்காரி, தேர்வில் முதலில் வந்தால் மற்றதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். உங்கள் பள்ளிகளில் திறமைக்கான பரிசு பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதி, அல்லது வெறும் கௌரவம். உண்மையில் கை கொடுப்பது குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் பர்சரிதான். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு. பிப்ரவரியில் இடம் கிடைத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இனி உதவிக்கு எழுதலாமா என்று கேட்ட ஒரு தாய்க்கு, கெடு நவம்பரிலேயே முடிந்துவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல குடும்பங்களுக்கு அதை நிரப்ப உதவியிருக்கிறேன். வீட்டின் மதிப்பு, அடமானக் கடன், சேமிப்பு, கார், கடந்த விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்பதுவரை கேட்கிறது. கேட்பது நியாயம், அறக்கட்டளைப் பணம், கணக்கு வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவின் மருந்துக்கு மாதாமாதம் அனுப்பும் காசை எழுத அதில் கட்டம் இல்லை. தங்கையின் கல்யாணக் கடனுக்கும் இல்லை. தாலிக்கொடி சொத்துக் கணக்கில் சேருமா என்று ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிறகு முன்பின் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து வரவேற்பறையைப் பார்த்துப் போவார். எல்லாம் முடிந்து உதவி கிடைத்தாலும் ஆண்டுதோறும் மறு ஆய்வு. தகப்பனார் இரவு வேலை கூடுதலாக எடுத்தால் உதவி குறையுமோ என்ற பயம் ஏழு ஆண்டும் அந்த வீட்டில் குடியிருக்கும்.

உங்கள் பள்ளிகளில் பலவற்றின் தொடக்கம் வேறு மாதிரியானது. 1442இல் ஜான் கார்ப்பென்டர் விட்டுச்சென்ற சொத்து நான்கு ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் படிப்புக்கும் உரியது. அதன் வழியில்தான் 1837இல் சிட்டி ஆஃப் லண்டன் பள்ளி திறந்தது. 1509இல் ஜான் காலெட் செயின்ட் பால்ஸ் பள்ளியை நிறுவியபோது, எந்த நாட்டுப் பிள்ளை என்று பாராமல் 153 பேருக்குக் கட்டணமின்றிக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். யோவான் நற்செய்தியில் வலையில் அகப்பட்ட மீன்களின் எண்ணிக்கை அது. பிற்காலத்தில் அரசின் நேரடி மானியம் பெற்ற பள்ளிகள் கால்வாசி இடங்களையாவது இலவசமாகத் தர வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடு 1970களின் நடுவில் முடிந்தது. 1980இல் சட்டமான, வசதி குறைந்த பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டத்தை 1997இல் வந்த அரசு நிறுத்தியது. இன்று ஏழைப் பிள்ளை உள்ளே வர மிஞ்சியிருக்கும் வழி உங்கள் கட்டண உதவி நிதி ஒன்றே. வசதியில்லாதவர்களுக்குப் பெயரளவுக்கு மேல் ஏதாவது செய்தால்தான் நீங்கள் அறநிறுவனம் என்று 2011இல் தீர்ப்பாயம் சொன்னது. எவ்வளவு என்பதை உங்களிடமே விட்டது. வரி ஏறியதும் சிக்கனத்தின் முதல் வெட்டு அந்த நிதியில் விழுந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஆகவே கேட்கிறேன். பெற்றோர் வரும் நாளில் உரையின் தொடக்கத்திலேயே பணத்தைப் பேசுங்கள். ஏழு ஆண்டுகளுக்கும் ஆகும் மொத்தச் செலவை அச்சிட்டுக் கொடுங்கள். சென்ற ஆண்டு பதினொரு வயதில், ஏழாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முழுக் கட்டண உதவி பெற்றார்கள் என்ற எண்ணைச் சொல்லுங்கள். பூச்சியமானால் பூச்சியம் என்றே சொல்லுங்கள். எந்த வருமானத்துக்கு ஏறத்தாழ எவ்வளவு உதவி என்று பதிவுக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே தெரிவியுங்கள். இதைச் செய்தால் ஒரு குழந்தை, தன்னால் போகவே முடியாத பள்ளிக்காக இரண்டு ஆண்டு மாலைப் பொழுதுகளை டியூஷனில் கழிக்க வேண்டியிராது. போக முடிந்த குழந்தையோ, தன் வீட்டாரின் தயக்கத்தால் விண்ணப்பிக்காமலே நின்றுவிடாது. இரண்டாவது வகைப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம்.

கோடை விடுமுறைக்கு முன் ஒரு சனிக்கிழமை உங்கள் கட்டண உதவி அலுவலரை எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புங்கள். மேசையும் நாற்காலியும் நாங்கள் போடுகிறோம், பெற்றோரை நாங்கள் அழைக்கிறோம், மொழிபெயர்க்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வரும்போது அந்த விண்ணப்பப் படிவத்தில் முப்பது பிரதிகள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
வடமேற்கு லண்டன்