அன்றிரவு ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த நர்ஸ் மிஸ்ஸுக்கு

மிஸ், உங்கள் பெயர் தெரியாது. வெள்ளவத்தையில் ஜிம்மில் மயங்கி விழுந்த பொடியனை 'உடற்பயிற்சிக் களைப்பு' என்றே எல்லோரும் நினைத்தார்கள். நீங்கள் மட்டும் படுக்கவைத்து ஒருதரம், எழுப்பி நிற்கவைத்து ஒருதரம் நாடியும் பிரஷரும் பார்த்தீர்கள். படுத்திருக்கையில் நாடி 42. பிறகு தனியாக, மெதுவாகக் கேட்டீர்கள்: "தம்பி, சாப்பிடப் பயமா இருக்கா?" ஆம்பிளைப் பிள்ளையிடம் யாரும் கேட்காத கேள்வி. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்ஸியா நோய்க்கு, மாதவிடாய் நிற்பதையும் அடையாளமாக வைத்திருந்த அமெரிக்க மனநல வரையறையே 2013இல்தான் அதை நீக்கியது.

வீட்டார் பாசத்தோடு கொண்டுவந்த சோற்றுப் பார்சலையும் நீங்கள்தான் நிறுத்தினீர்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென மாச்சத்துப் போனால் இன்சுலின் ஏறும்; இரத்தத்திலுள்ள பொஸ்பேற்று, பொற்றாசியம், மக்னீசியம் கலங்களுக்குள் இழுபட்டு, இதயத் துடிப்பே குழம்பலாம். உடனே டொக்டரை அழைத்தீர்கள். இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, முதலில் தயமின் (விற்றமின் B1), பிறகு கொஞ்சங்கொஞ்சமாகச் சாப்பாடு.

சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் அவனருகிலேயே இருந்து கிரிக்கெட் கதைத்தீர்களே, அப்படிச் செய்யும்படி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. வாந்தியெடுக்க மனம் உந்தும் நேரம் அதுதான்.

இப்போது வாராவாரம் சிகிச்சைக்குப் போகிறான். அம்மாவும் கூடப் போகிறா. இது உங்கள் கண்ணில் பட்டால், அவவின் நன்றியையும் ஏற்றுக்கொள்ளுங்கள், மிஸ்.