தோட்டத்து மண் அணை: ஐப்பசி மழைக்கு முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் ரப்பர் தோட்டத்து மண் அணையை நேற்று நடந்து பார்த்தேன். கரையின் அடியில் சிறு கசிவு இருக்கிறது. இப்போது தெளிவாகத்தான் வருகிறது. அது கலங்கி வந்தால், உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். அப்படிக் கண்டால் நள்ளிரவானாலும் என்னை அழையுங்கள். கீழ்ப்பக்கத்து வீடுகளில் இருப்பவர்களை உடனே எழுப்புங்கள்.

மிகை நீர் வெளியேறும் மறுகாலில் மீனுக்காக வலை கட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து இன்றே அவிழ்த்துவிடுங்கள். சருகு அடைத்தால் தண்ணீர் கரைமேல் வழியும். மண் கரை அதைத் தாங்காது. 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்துக் குளங்கள் உடைந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம்!

ஞாயிறு காலை 7 மணிக்குக் கரையிலுள்ள மரக்கன்றுகளை வெட்டி, பெருச்சாளி வளைகளைக் களிமண் திணித்து அடைக்கிறோம். பெரிய மரங்களைத் தோண்ட வேண்டாம். மண்வெட்டியுடன் வாருங்கள்.