திருகோணமலையின் பெயரைச் சுமக்கும் கப்பலுக்காக ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் உள்ள அரச கடற்படைத் தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தங்கள் பாதுகாப்பில் நிற்கும் ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’ என்னும் பாய்மரப் போர்க்கப்பலுக்குப் பெயர் தந்த ஊரைச் சேர்ந்தவன் நான். அக்கப்பலின் வரலாற்றைச் சொல்லும் பலகையில் ‘திருகோணமலை’ என்று தமிழிலும், அவ்வாறே சிங்களத்திலும், பெயரை எழுதி வைக்கும்படி வேண்டவே இம்மடலை எழுதுகிறேன்.

நெப்போலியனுடனான போர்களால் ஓக் மரம் அரிதாகிவிட்ட நிலையில், 1812இல், இக்கப்பலைப் பம்பாயில் கட்டுவிக்கப் பிரித்தானியக் கடற்படை முடிவு செய்தது. அதன் வரைபடங்களை ஏற்றிச் சென்ற ‘ஜாவா’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலை அவ்வாண்டு டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ கப்பல் வீழ்த்திவிட்டதால், வேறு படிகளை அனுப்ப நேர்ந்தது. இன்றும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களுள் உலகிலேயே மூத்தது அந்தக் ‘கான்ஸ்டிடியூஷன்’தான், பிரித்தானியாவின் மூத்த கப்பலோ, அதனால் பிறப்புத் தள்ளிப்போன இதுவே!

பார்சி இனத்துத் தலைமைக் கப்பற்கட்டுநர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில், மலபார்த் தேக்கில் உருவான இக்கப்பல் 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கப்பட்டது. ஓக்கில் ஊறும் அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ அதைக் காக்கும். இரு நூற்றாண்டுகளைத் தாண்டியும் கப்பலின் உடல் நிலைத்திருப்பதில் அந்த மரத்தின் பங்கு பெரிது.

பெயர், 1782இல் எங்கள் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய கடற்போரின் நினைவாக இடப்பட்டது. எவருக்கும் தெளிவான வெற்றி கிட்டாத போர் அது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்ட கப்பலை ஜார்ஜ் வீட்லி காப் வாங்கி, புயலில் தாம் இழந்த ‘ஃபூட்ராயன்ட்’ என்னும் கப்பலின் பெயரை இதற்குச் சூட்டினார். அப்பெயருடன் இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி அளித்துவந்த அது, 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்து, 1990இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நீண்ட சீரமைப்பின் இடையே, 1992இல் தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. தொண்ணூறாண்டுக்கு மேல் மறைந்திருந்த பெயரை மீட்டுத் தந்த நகரத்திடம், அதை அதற்குரிய எழுத்திலும் காட்டுங்கள் என்று கேட்பது மிகையாகாது என நம்புகிறேன்.

தமிழில் பொறிக்கும்போது ‘கோ’வுக்கு அடுத்து வருவது மூன்று சுழி ‘ண’ என்பதைச் செதுக்குபவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலைவாசி ஒருவன்